கேபிளை வெட்டினா சரியாகிடுமா?

கொஞ்சம் நீளமான இழை. வழக்கமா சுகர், பிரஷர், டெங்குன்னுதான் இங்க எழுதுவேன். இன்னைக்கு ஒரு மாற்றத்துக்கு ஹாம் ரேடியோ. ஆனா சுத்தி வந்து கடைசியில நம்ம ஆஸ்பத்திரியிலதான் முடியும். பொறுமையா படிங்க.

முதலில் ஒரு முன்கதை.

2018 நவம்பர் 16. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்த நாள். அப்போ நான் டெல்டாவில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை. விடிஞ்சு பார்த்தா ரோட்டுக்குக் குறுக்கே தென்னை மரங்கள். கரண்ட் கம்பங்கள் சாய்ஞ்சு கிடக்குது. எந்த கம்பெனி சிம்மிலும் சிக்னல் இல்லை.

ராத்திரி பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிக்கலை. கர்ப்பப்பை சுருங்க ஊசி போட்டாச்சு, ட்ரிப் ஓடுது. அடுத்த கட்டம் ரத்தம் ஏத்தணும். அது எங்ககிட்ட இல்லை. 108-ஐக் கூப்பிட போன் இல்லை. நர்ஸம்மாவும் நானும் மாத்தி மாத்தி வயித்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வாசலையே பார்த்துட்டிருந்தோம்.

மரம் அறுக்கும் ஆட்களோட ஒரு போலீஸ்காரர் அந்தப் பக்கமா நடந்து வந்தார். அவர் தோளில் ஒரு வாக்கி டாக்கி. அன்னிக்கு அந்த ஊரில் வெளியுலகத்தோட பேசின ஒரே பொருள் அதுதான். அதில் தகவல் போய், அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நிக்க, இந்தப் பக்கம் நாங்க கட்டிலோட தூக்கிட்டுப் போய்ச் சேர்த்தோம். அந்தம்மா பிழைச்சாங்க.

அந்த வாக்கி டாக்கி என் மனசை விட்டுப் போகவே இல்லை. அப்புறம்தான் போலீஸுக்கு மட்டுமில்லாம நம்ம மாதிரி சாதாரண ஆட்களுக்கும் ரேடியோ உரிமம் உண்டுன்னு தெரிஞ்சது. 12 வயசு ஆனாலே தேர்வு எழுதலாம். மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு நடத்துற தேர்வு அது. பாஸ் பண்ணா நமக்குன்னு ஒரு அழைப்புக் குறி கிடைக்கும். இதுதான் அமெச்சூர் ரேடியோ, பேச்சு வழக்கில் ஹாம். இதை வெச்சு வியாபாரம் பண்ணக் கூடாது. பேரிடர் நேரத்தில் செய்தி கடத்தலாம். 2004 சுனாமி வந்தப்போ பாரதி பிரசாத் என்ற ஹாம், ரேடியோ பயணமா அந்தமான் போயிருந்தவர், போர்ட் பிளேரில்தான் இருந்தார். மற்ற தொடர்புகள் அறுந்து போன அந்த நாட்களில் அவரும் கூட வந்தவங்களும் ரேடியோவில் செய்தி அனுப்பிட்டே இருந்தாங்க.

நானும் தேர்வு எழுதினேன். உரிமம் வந்தது. டிரான்ஸ்பரும் வந்தது. மேற்கு மாவட்டம் ஒண்ணுல, மலையடிவாரத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி.

இனிதான் விஷயம்.

கையில பிடிக்கிற ரேடியோவின் சக்தி சுமார் 5 வாட். 145 மெகாஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். நடுவில் மலை நின்னா அவ்வளவுதான். அதனால மலை உச்சியில ஒரு ரிப்பீட்டர் வைப்பாங்க. கீழே இருந்து வர்ற குரலை ஒரு அலைவரிசையில் கேட்டு, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் உரக்கச் சொல்ற பெட்டி. உதாரணத்துக்கு, 145.0-ல் கேட்கும், 145.6-ல் பேசும். வித்தியாசம் வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். பெரும்பாலும் ஒரே ஆன்டெனா.

இதில் உள்ள கஷ்டம் புரியுதா? பக்கத்துல நின்னு ஒருத்தர் மைக் வெச்சு கத்துறார். அதே நேரம் ரெண்டு தெரு தள்ளி ஒருத்தர் முணுமுணுக்கிறது உங்க காதுல விழணும்.

எண்ணிக்கையில சொல்றேன். ரிப்பீட்டர் பேசுறது 25 வாட். அது கேட்டுப் புரிஞ்சுக்க வேண்டிய மெலிசான சிக்னல், அதைவிட நூறு கோடி கோடி மடங்கு சின்னது. ஒண்ணு போட்டு 16 சைபர். தன் சத்தத்துல தன் காதே அடைச்சுப் போறதுக்கு ஹாம்கள் டீசென்ஸ்னு பேர் வெச்சிருக்காங்க.

நம்ம உடம்புல இதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு. நாம பேசும்போது நடுக்காதுக்குள்ள ஸ்டெபிடியஸ்னு ஒரு குட்டித் தசை இறுகி, நம்ம குரல் நம்ம காதையே அடைக்காம கொஞ்சம் தணிக்கும். ரிப்பீட்டரில் அந்த வேலையைச் செய்றது டூப்ளெக்ஸர். ஆள் உயரத்துல பாதி இருக்கும் உலோகக் குழாய்கள். எங்க ரிப்பீட்டரில் கேட்கும் பக்கம் ரெண்டு, பேசும் பக்கம் ரெண்டு. ஒவ்வொண்ணும் வேண்டாத அலைவரிசையை மட்டும் அமுக்கி, வேண்டியதை விடும். குழாய்களை இணைக்கிறது குட்டிக் குட்டி கோஆக்ஸ் கேபிள்கள். கோஆக்ஸ்னா வேற ஒண்ணும் இல்லை, உங்க வீட்டு டிஷ் ஆன்டெனாவிலிருந்து வர்ற கருப்பு ஒயரோட அண்ணன்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. நல்ல மழை. மலைக்குப் போற வழியில் மண் சரிஞ்சு ரோடு அடைபட்டிருந்தது. டவரும் படுத்துடுச்சு. மேல ஒரு குக்கிராமத்தில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் ஹாம். தரையில் படுத்திருந்த பையனை ஏதோ கடிச்சிருக்கு, வயித்து வலி, இமை தூக்க முடியலைன்னு தூக்கிட்டு வந்திருக்காங்க. கட்டுவிரியன் கடிக்கு அப்படியே பாடப்புத்தகத்து அறிகுறி. வாத்தியார் ரிப்பீட்டரில் கூப்பிட்டார்.

நாங்க கேட்டது வெறும் இரைச்சல். ரிப்பீட்டர் திறக்கும், புஸ்ஸுனு சத்தம் வரும், மூடும். மழைக்கு ஏதோ கோளாறுன்னு நினைச்சு விட்டுட்டோம். கிட்டத்தட்ட நாற்பது நிமிஷம் அவர் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கார். கடைசியில ரிப்பீட்டரை விட்டுட்டு நேரடி அலைவரிசைக்கு மாறி, பக்கத்து ஊர் ஹாம் ஒருத்தர் காதுல தற்செயலா விழுந்தது. மண் சரிவுக்கு இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் போய் நின்னது.

பையன் வந்து சேர்ந்தப்போ மூச்சு மேலோட்டமா இருந்தது. விஷமுறிவு மருந்து 10 குப்பி போட்டு, டியூப் வெச்சு, கையால பையை அழுத்தி அழுத்தியே மருத்துவக் கல்லூரி வரைக்கும் கொண்டு போனோம். மூணாம் நாள் தானா மூச்சு விட்டான். இப்ப ஸ்கூல் போறான். ஆனா அந்த நாற்பது நிமிஷம் இன்னும் ஒரு இருபது நிமிஷம் கூடியிருந்தா, இந்தப் பாராவை நான் வேற மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

மறுநாள் எங்க குழுவில் பேச்சு. "எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 காட்டுது. பெருசா கோளாறு இல்லை. கேபிள் நீளம்தான் ட்யூன் ஆகலை. இன்னும் அரை அடி வெட்டினா 1.1-க்கு வந்துடும்." ஏற்கனவே ரெண்டு தடவை வெட்டியாச்சு.

எஸ்.டபிள்யூ.ஆர்.னா என்ன? கிணத்துக் கயிறை ஒரு முனையில் பிடிச்சு உதறிப் பாருங்க. அலை ஒண்ணு ஓடிப் போய், கட்டியிருக்கிற முனையில் மோதித் திரும்பி வரும். ரேடியோவிலும் அதேதான். கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் பொருத்தம் இருந்தா அனுப்பினது எல்லாம் காத்துல போகும். பொருத்தம் இல்லைன்னா ஒரு பங்கு திரும்பி வரும். எவ்வளவு திரும்புதுன்னு சொல்ற எண் இது. 1 வந்தா பிரமாதம். 1.5 வரைக்கும் யாரும் கவலைப்பட மாட்டாங்க.

மலைக்கு நானும் எங்க குழுவின் மூத்தவரும் போனோம். பாலிடெக்னிக்கில் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவர், எங்களுக்கெல்லாம் 'சார்'. டவர் ஏற ஒரு எலக்ட்ரீஷியன் தம்பியும் கூட வந்தார். நான் வெட்டுக் கத்தியோட தயாரா நின்னேன்.

சார் கேட்டார்: "ஏனுங்க டாக்டர், நல்ல கேபிள்ல எங்க வெச்சு அளந்தாலும் எஸ்.டபிள்யூ.ஆர். ஒண்ணுதானுங்க. நீளத்தை மாத்தினா அது எப்படிங்க மாறும்?"

எனக்குப் பதில் தெரியலை. "ஆனா வெட்டினப்போ மீட்டர் மாறுச்சே சார்?"

"மாறுச்சுன்னா வேற எங்கயோ கோளாறு. கேபிளோட வெளித்தோல்லயும் கரண்ட் ஓடுதோ, மீட்டரே சரியில்லையோ. மாறுனதே நோய்க்கு அறிகுறிங்க. அதையே வைத்தியம்னு நினைச்சுட்டீங்க."

தம்பியை மேல ஏத்தி, ஆன்டெனாவைக் கழட்டி, கேபிளோட மேல் முனையில் ஒரு டம்மி லோடையும் பவர் மீட்டரையும் மாட்டச் சொன்னார். டம்மி லோடுன்னா அனுப்பினதை எல்லாம் சூடாக்கி விழுங்கிடும் பெட்டி, எதையும் திருப்பி அனுப்பாது. கீழே இருந்து 25 வாட் அனுப்பினோம். மேலே இருந்து தம்பி கத்தினார்: "ஆறு!"

25 அனுப்பினா 6 போய்ச் சேருது. மீதி 19 வாட் வழியிலேயே, கேபிளுக்குள்ளேயே காலி.

அப்போ 1.5 எப்படி வந்தது? சார் ஒரு சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார். நீங்களும் போட்டுப் பாருங்க. மேலே போய்ச் சேர்ந்த 6 வாட்டில் 4 வாட் ஆன்டெனா முனையில் முட்டித் திரும்புது. காத்துல போறது வெறும் 2. திரும்பின அந்த 4 வாட்டும் அதே கெட்ட கேபிள் வழியா கீழே வரணும். வர்ற வழியில் அதுவும் கால்வாசியா சுருங்கி 1 வாட் ஆகிடும். கீழே உட்கார்ந்திருக்கிற மீட்டர் என்ன பார்க்குது? போனது 25, திரும்பினது 1. "ஆஹா, 1.5, நார்மல்"னு ரிப்போர்ட் கொடுத்துடும்.

கேபிள் எவ்வளவு கெட்டுப் போகுதோ, கீழே மீட்டர் அவ்வளவு அழகா காட்டும். வர்ற குரலுக்கும் அதே கதிதான். வாத்தியாரோட சிக்னல் ஆன்டெனா வரைக்கும் வந்து, பன்னிரண்டுல ஒரு பங்காத்தான் உள்ளே நுழைஞ்சிருக்கு.

கேபிளைக் கீழே இறக்கினோம். மேல் கனெக்டரில் சுத்தின டேப் வெயிலில் பிரிஞ்சிருந்தது. அது வழியா மழைத் தண்ணி உள்ளே போயிருக்கு. வெட்டினா பின்னல் கம்பி பச்சை பூத்துப் போய், சொட்டு சொட்டா தண்ணி வடியுது. நாங்க கீழ் முனையில் அரை அடி அரை அடியா வெட்டிட்டிருந்தோம். நோய் மேல் முனையில்.

இதைப் பார்த்ததும் எனக்கு ஐ.சி.யூ. ஞாபகம் வந்தது.

ரொம்ப முடியாத நோயாளிக்கு மணிக்கட்டு ரத்தக் குழாயில் ஊசி செலுத்தி, திரவம் நிரம்பின ஒரு டியூப் வழியா நொடிக்கு நொடி பிரஷர் பார்ப்போம். அந்த டியூபில் ஒரு சின்ன காத்துக் குமிழ் மாட்டினா போதும். திரையில் அலை மழுங்கி, வழவழன்னு அழகா ஓடும். அங்கே நோயாளிக்கு வேற ஏதோ நடந்துட்டிருக்கும். டியூப் தேவைக்கு மேல நீளமா இருந்தாலும் ஆபத்துதான். அலை துள்ளி, மேல் பிரஷரைப் பொய்யா கூட்டிக் காட்டும். அதனாலதான் டியூப் சுமார் 120 செ.மீ.க்கு மேல போகக் கூடாது, விறைப்பா இருக்கணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. ஒவ்வொரு ஷிப்டிலும் ஃபிளஷ் அடிச்சு, அலை எப்படி அடங்குதுன்னு பார்ப்போம். நோயாளியைச் சோதிக்கும் முன்னாடி டியூபைச் சோதிக்கணும்.

இதை வருஷக்கணக்கா ஹவுஸ் சர்ஜன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். மலை மேல போனதும் மறந்துட்டேன்.

கதை இதோட முடியலை.

புது கேபிள் போட்டும், ரிப்பீட்டர் பேச ஆரம்பிச்சதும் மெலிசான குரல்கள் இரைச்சலில் மூழ்கிப் போச்சு. பேசும் பக்கத்தை அணைச்சா தெளிவா கேட்குது. போட்டா புஸ். சார் ஆன்டெனாவைக் கழட்டி டம்மி லோடு மாட்டி, மெலிசா ஒரு சிக்னலை உள்ளே செலுத்திப் பார்த்தார். அப்பவும் புஸ். கோளாறு வெளியில இல்லை, டூப்ளெக்ஸரிலேயே இருக்கு.

டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, கேட்கும் பக்கத்து ரெண்டு குழாய்களுக்கு நடுவில் இருந்த கேபிளைத் தொட்டுக் காட்டினார். "இதை யாருங்க மாத்துனது?"

நான்தான். ஆறு மாசம் முன்னாடி பழைய கேபிளின் கனெக்டர் உடைஞ்சிருந்தது. கடையில் ரெடிமேடா கிடைச்சதை வாங்கி மாட்டினேன். கொஞ்சம் நீளம். நீளம் இருந்தா என்ன, வளைச்சு வெச்சுக்கலாம்னு நினைச்சேன்.

நீளம் முக்கியமான ஒரே இடம் அதுதான்.

ஏன்னு சொல்றேன். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் முழு நீளம் காத்துல சுமார் 207 செ.மீ. கால் அலை கிட்டத்தட்ட 52 செ.மீ. கேபிளுக்குள் அலை மெதுவா போகும். ஆர்.ஜி. 213 மாதிரி கெட்டி பிளாஸ்டிக் கேபிளில் காத்துல போறதில் 66 சதவீத வேகம்தான். அதனால கால் அலை அதில் 34 செ.மீ. ஃபோம் கேபிளில் வேகம் 85 சதவீதம்னா அதுவே 44 செ.மீ. அதாவது ஸ்கேலில் அளக்கிற நீளம் மட்டும் போதாது, எந்த கேபிள்னும் பார்க்கணும். கனெக்டர், டி-ஜாயின்ட் எல்லாத்தோட நீளமும் கணக்கில் சேரும்.

ரெண்டு குழாய்க்கும் நடுவில் கால் அலை இருந்தா, ரெண்டோட அமுக்கும் சக்தியும் பெருக்கிக்கும். ஒரு குழாய் வேண்டாத சத்தத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்குதுன்னு வெச்சுக்கோங்க. ரெண்டும் சேர்ந்தா பத்து கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போயிடும். நடுவில் அரை அலை வந்துட்டா? ரெண்டும் ஒரே இடத்தில் நிக்கிற மாதிரி ஆகிடும். நாற்பதாயிரத்தில் ஒரு பங்கோட நின்னுடும். ரெண்டு காவல்காரங்களை வெச்சு, ரெண்டு பேரையும் ஒரே கதவில் நிறுத்தின கதை.

நான் மாட்டின கேபிள் கனெக்டரோட சேர்த்துக் கிட்டத்தட்ட 70 செ.மீ. ஏறக்குறைய சரியா அரை அலை. வேணும்னே தேடியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமா தப்பு பண்ணியிருக்க முடியாது.

நீளம் முக்கியமில்லாத இடத்தில் நாங்க இஞ்ச் இஞ்சா வெட்டினோம். முக்கியமான இடத்தில் நான் ஸ்கேலே வைக்கலை. அந்த நாற்பது நிமிஷத்தில் என் பங்கும் இருக்கு. அதை எழுதத்தான் இந்த இழையையே ஆரம்பிச்சேன்.

சார் திட்டலை. "டாக்டர், நீங்க மாத்துனது தப்பில்லீங்க. மாத்துன அப்புறம் அளந்து பார்க்காததுதான் தப்பு"ன்னார். சரியான நீளத்தில் கேபிள் செஞ்சு மாட்டி, குழாய்களைத் திரும்ப ட்யூன் பண்ணோம். சாயங்காலம் வாத்தியார் வீட்டுத் திண்ணையிலிருந்து கூப்பிட்டார். பின்னாடி கோழி கத்துறதுகூட கேட்டுச்சு.

இப்போ உங்களுக்கு.

உங்க வீட்டு டிஷ் மழைக்காலத்தில் மட்டும் தகராறு பண்ணுதுன்னா, செட்டாப் பாக்ஸை மாத்துறதுக்கு முன்னாடி மாடியில் கேபிள் சேரும் இடத்தைப் பாருங்க. கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விடுங்க. தண்ணி அதோட அடி வழியா சொட்டிப் போயிடும், உள்ளே வராது. எங்க ரிப்பீட்டருக்கும் இப்ப அப்படித்தான் விட்டிருக்கோம். டேப்பை ஒவ்வொரு புரட்டாசியிலும், மழைக்கு முன்னாடி, பிரிச்சுப் பார்த்துச் சுத்துறோம். மேலே எத்தனை வாட் போய்ச் சேருதுன்னு அளந்து நோட்டில் எழுதுறோம்.

உடம்பு விஷயத்தில் ஒண்ணு. "ரிப்போர்ட் நார்மல், ஆனா முடியலை டாக்டர்"னு வர்றவங்களை முன்னாடி சீக்கிரம் அனுப்பிடுவேன். இப்ப ஒரு நிமிஷம் கூட உட்கார வெச்சு, எங்கே, எப்படி அளந்த நார்மல்னு கேட்கிறேன். கை பருமனா இருக்கிறவருக்கு சின்ன பட்டை சுத்திப் பிரஷர் பார்த்தா கூடுதலா காட்டும். விரல் ஜில்லுனு இருக்கிறவருக்கு ஆக்சிஜன் கிளிப் தப்பா காட்டலாம். நீங்களும் வீட்டு மிஷினில் வித்தியாசமா ஒரு எண் வந்தா, மாத்திரையை நீங்களே கூட்டாதீங்க, குறைக்காதீங்க. முதலில் திரும்ப அளங்க. அப்புறம் எங்ககிட்ட வாங்க.

அப்புறம், உங்க வீட்டில் எட்டாவது ஒன்பதாவது படிக்கிற, ஸ்க்ரூ டிரைவரும் கையுமா சுத்துற பிள்ளை இருந்தா ஹாம் தேர்வு பத்திச் சொல்லுங்க. அடுத்த புயலுக்கு ஆள் தேவை.

நாளைக்கு வழக்கம் போல டெங்கு.